அமெரிக்காவில் காசு கட்டி கரடி வேட்டை... நம்ம மலையில் முடியுமா? சட்டம் சொல்வது என்ன?

உங்க மொபைலிலும் அந்த மாதிரி வீடியோ வந்திருக்கலாம். பனி படர்ந்த மலை. தொப்பி போட்ட ஒருத்தர் பைனாகுலரில் பார்த்து "அதோ" என்று கை காட்டுகிறார். பக்கத்தில் இருப்பவர் துப்பாக்கியைத் தூக்குகிறார். அடுத்த காட்சியில் செத்துக் கிடக்கும் கருப்புக் கரடியின் பக்கத்தில் இரண்டு பேரும் சிரித்தபடி போஸ். கீழே போன் நம்பர், "அடுத்த சீசனுக்கு புக்கிங் ஆரம்பம்".

காக்களூர் சிட்கோ பக்கம் எங்க தெரு முனை டீக்கடையில் போன வாரம் இதே மாதிரி ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. நைட் ஷிப்ட் முடித்து வந்த பையன் ஒருவன் கேட்டான்: "ஏண்ணா, நம்ம ஊட்டி பக்கம் போனா இந்த மாதிரி காசு கட்டி சுடலாமா?" கடையில் இருந்த எல்லோரும் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். ஒருத்தர் "லைசன்ஸ் வாங்கினா ஓகே" என்றார். இன்னொருத்தர் "கலெக்டர் பெர்மிஷன் போதும்" என்றார். இரண்டுமே தப்பு.

ஒடிசாவிலிருந்து வந்து இங்கே கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஊரில் இருப்பைப் பூ பொறுக்கப் போன மாமாவுக்கு ஒரு பக்க முகமே இல்லையாம். "கரடி, அண்ணா" என்று தன் கன்னத்தில் கையை வைத்துக் காட்டினார். அதற்கப்புறம் அந்த வீடியோவை யாரும் பார்க்கவில்லை.

அந்தப் பையனின் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில், அங்கே என்னதான் நடக்கிறது?

வீடியோவில் வருவது அமெரிக்கக் கருங்கரடி. வட அமெரிக்கா முழுக்க சுமார் 9 லட்சம் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். உலகத்தில் இருக்கும் மற்ற எல்லாக் கரடி இனங்களையும் கூட்டினாலும் இந்த ஒரு இனத்தின் எண்ணிக்கைக்கு வராது. அதனால் அங்கே பல மாகாணங்களில் இது சட்டப்படி நடக்கும் வேட்டை. சீசன் உண்டு, லைசன்ஸ் உண்டு. அதற்கு மேல் 'டேக்' என்று ஒன்று வாங்க வேண்டும். ஒரு டேக்குக்கு ஒரு கரடி, அவ்வளவுதான்.

வெளியூர்க்காரர்கள் வழிகாட்டியை அமர்த்திக்கொள்கிறார்கள். சில இடங்களில் அது கட்டாயம். அலாஸ்காவில் வெளிநாட்டவர் எந்தப் பெரிய விலங்கை வேட்டையாடப் போனாலும் லைசன்ஸ் பெற்ற வழிகாட்டி கூட இருக்க வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் வெளிநாட்டவருக்கு இதே விதி. செலவு சில ஆயிரம் டாலர்கள். நம்ம காசில் லட்சங்கள்.

வழிகாட்டியின் வேலை கரடியைக் காட்டுவதோடு முடிவதில்லை. எதிர் மலைச்சரிவை மணிக்கணக்கில் பைனாகுலரில் அலசி, கரடி ஆணா பெண்ணா, கூட குட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குட்டியோடு இருக்கும் தாயைச் சுடுவது பல மாகாணங்களில் குற்றம். குட்டிகள் மரத்தின் மேல் இருக்கும், தாய் மட்டும் கீழே நிற்கும். அவசரப்பட்டால் தப்பு நடந்துவிடும். சுட்ட பிறகு தோலை உரித்து, இறைச்சியை மூட்டை கட்டி, அந்தக் கரடுமுரடான மலையிலிருந்து முதுகில் சுமந்து இறக்குவதும் பெரும்பாலும் அவர்தான்.

எல்லாமே இப்படி நடந்து தேடும் வேட்டை இல்லை. பீப்பாயில் பழைய ரொட்டி, இனிப்பு என்று வைத்து கரடியை வரவழைத்து மறைவிலிருந்து சுடுவதும் உண்டு. நாய்களை விட்டுத் துரத்தி மரத்தில் ஏற்றிச் சுடுவதும் உண்டு. இந்த இரண்டும் அங்கேயே பெரிய சண்டையாக இருக்கிறது. கொலராடோவில் 1992-ல் மக்களே ஓட்டுப் போட்டு இரை வைப்பதையும் நாய் விடுவதையும் நிறுத்தினார்கள். கலிஃபோர்னியாவில் நாய்களை விட்டுக் கரடி பிடிப்பதற்கு 2013-லிருந்து தடை.

ஃபுளோரிடா கதை இன்னும் சூடு. 21 வருஷத்துக்குப் பிறகு 2015 அக்டோபரில் அங்கே கரடி வேட்டையைத் திறந்தார்கள். 3,700-க்கும் மேற்பட்டவர்கள் பெர்மிட் வாங்கினார்கள். ஒரு வாரம் வரை நடக்கலாம் என்று திட்டம். இரண்டே நாளில் 300 கரடிகள் செத்ததும் நிறுத்திவிட்டார்கள்.

வேட்டைக்கு ஆதரவாகப் பேசுபவர்களின் வாதம் வெறும் 'ஜாலி' இல்லை. துப்பாக்கி, தோட்டா விற்பனையில் 10 முதல் 11 சதவீத வரி போட்டு அதை வனவிலங்குப் பாதுகாப்புக்கே செலவழிக்கும் சட்டம் அமெரிக்காவில் 1937-லிருந்து இருக்கிறது. 'காட்டைக் காப்பாற்றும் பணம் எங்க பையிலிருந்துதான் போகிறது' என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனா அந்தக் கணக்கு 9 லட்சம் கரடி இருக்கும் ஊருக்கான கணக்கு.

நம்ம கரடி வேற

தமிழ்நாட்டில் இருப்பது கருங்கரடி இல்லை. நாம் சாதாரணமாகக் கரடி, தேன் கரடி என்று சொல்வது தனி இனம். இந்தியா, இலங்கை, நேபாளம் பக்கம் மட்டும்தான் இருக்கிறது. 1791-ல் இதற்கு அறிவியல் பெயர் வைத்த ஐரோப்பியர், நீண்ட நகத்தைப் பார்த்துவிட்டு மரத்தில் தொங்கும் 'ஸ்லாத்' வகை என்று நினைத்துவிட்டார். அந்தத் தப்பு ஆங்கிலப் பெயரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சங்கப் பாடல்களில் இதன் பெயர் எண்கு. ராத்திரியில் புற்றைத் தோண்டுவது, இருப்பைப் பூவைத் தேடி வருவது என்று அன்றைக்கே சரியாகக் கவனித்துப் பாடி வைத்திருக்கிறார்கள். காக்களூர் டீக்கடையில் அந்த ஒடிசாக்காரர் சொன்னதும் அதே இருப்பைப் பூதான் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இதன் மேல்வரிசையில் நடு முன்பற்கள் இரண்டு கிடையாது. அந்த இடைவெளி வழியாக, உதட்டைக் குவித்து, கரையானை உறிஞ்சித் தின்னும். குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு நடக்கும். பார்க்க சாது மாதிரி. ஆனால் புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்து பழகிய விலங்கு. மரமேறித் தப்பிக்க நினைக்காது, திருப்பி அடிக்கத்தான் வரும். கண்பார்வை மந்தம் என்பதால் நாம் பத்தடி பக்கத்தில் போன பிறகுதான் அதற்கே தெரியும். அடி முகத்தில்தான் விழும்.

எண்ணிக்கை? உலகம் முழுக்க 20,000-க்கும் கீழ்தான் என்பது மதிப்பீடு. பெண் கரடி ஒன்றோ இரண்டோ குட்டி போட்டு, இரண்டு வருஷம் வரை கூடவே வைத்து வளர்க்கும். ஒரு தாயைச் சுட்டால் அந்தக் குட்டிகளும் போகும்.

சரி, இங்கே எப்போதுமே வேட்டை இல்லையா?

இருந்தது. நிறையவே இருந்தது. அமெரிக்க வீடியோவில் வருவதன் அசல் பதிப்பு நம்ம மலைகளில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நீலகிரியில் 1877-லேயே வேட்டைக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1879-ல் நீலகிரிக்கென்றே வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பெயரில் 'பாதுகாப்பு' இருந்தாலும் அது வரையாடு, கடமான், காட்டுக்கோழி மாதிரி துரைமார்கள் சுட விரும்பிய விலங்குகள் தீர்ந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. கரடிக்கும் புலிக்கும் அந்த இடம் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் அவற்றைக் கொன்று வந்தால் அரசே வெகுமதி கொடுத்தது.

துரை சுட்டார் என்று புத்தகத்தில் இருக்கும். காட்டில் முன்னால் நடந்தது யார்? இருளர், குறும்பர், காட்டுநாயக்கர், சோளகர். எந்தப் பாறை இடுக்கில் கரடி படுத்திருக்கிறது, எந்தப் புற்று நேற்று ராத்திரி தோண்டியது என்று சொன்னவர்கள் அவர்கள். வெள்ளைக்காரர் எழுதிய வேட்டைக் கதைகளில் அவர்கள் 'டிராக்கர்' என்ற ஒரு சொல்லோடு முடிந்துபோனார்கள்.

பெங்களூருவில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910-1974) ஓரளவு விதிவிலக்கு. ஜவளகிரி, பென்னாகரம், தர்மபுரி காடுகளைப் பற்றி அவர் எழுதியதில் பைரா என்ற பழங்குடி நண்பருக்கு நிறைய இடம் இருக்கிறது. அவர் எழுதிய ஒரு கரடிக் கதையில் வருவது நம்ம தேன் கரடிதான். கர்நாடகத்தில் அரசிக்கெரே பக்கம் 12 பேரைக் கொன்ற கரடி அது என்று எழுதுகிறார். அந்தக் கரடியைத் தேடி அவர் போனது பரிசுக்காக இல்லை. மலையடிவாரத்து தர்காவைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் மகன் அதனிடம் சிக்கிச் செத்துப்போனான். அந்தப் பெரியவருக்காகப் போனார்.

சுதந்திரத்துக்குப் பிறகும் இது நிற்கவில்லை. 1950-களிலும் 60-களிலும் அமெரிக்கர்களைக் கூட்டிவந்து கூடாரம் போட்டு, ஆள் வைத்து, விலங்கைக் காட்டிச் சுட வைக்கும் கம்பெனிகள் இந்தியாவில் நடந்தன. சுட்டதைப் பாடம் செய்து கொடுக்க மைசூரில் வான் இன்ஜென் குடும்பத்தின் பட்டறை இருந்தது. அங்கே பாடம் செய்யப்பட்ட புலி, சிறுத்தை மட்டுமே 40,000-க்கும் மேல். ஊட்டி, கூனூர் பழைய பங்களாக்களின் சுவரில் தொங்கும் தலைகளில் பல அங்கிருந்து வந்தவை.

எப்போது நின்றது?

1972 என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பாதிதான் சரி.

1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை ஒரே நாளில் ஒழிக்கவில்லை. அட்டவணை ஒன்றில் இருந்த விலங்குகளுக்கு மட்டும் முழுத் தடை. மற்ற சில அட்டவணைகளில் இருந்தவற்றுக்கு 'சிறப்பு வேட்டை', 'பெரிய வேட்டை', 'சிறிய வேட்டை' என்று தனித்தனி லைசன்ஸ் கொடுக்க அதே சட்டத்தில் வழி இருந்தது. 1991-ல் திருத்தம் வந்து அந்த லைசன்ஸ் முறையையே எடுத்த பிறகுதான் கதவு முழுசாக மூடியது. டீக்கடையில் "லைசன்ஸ் வாங்கினா ஓகே" என்றவர் சொன்னது ஏதோ ஒரு காலத்தில் சரி. முப்பது வருஷத்துக்கு மேல் லேட்.

2022-ல் இன்னொரு திருத்தம். அட்டவணைகள் ஆறிலிருந்து நான்காகச் சுருங்கின. தேன் கரடி அட்டவணை ஒன்றில் இருக்கிறது. புலிக்கும் யானைக்கும் இருக்கும் அதே பாதுகாப்பு. வேட்டையாடினால் குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் சிறை, கூடவே குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்க. 'வேட்டை' என்று சட்டம் சொல்வது சுட்டுக் கொல்வதை மட்டும் இல்லை. கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, இரை வைத்து வரவழைப்பது, விரட்டுவது, பிடிப்பது, இதற்கெல்லாம் முயற்சி செய்வது என எல்லாமே வேட்டைதான். அமெரிக்காவில் வழிகாட்டி செய்யும் வேலை மொத்தமும் இங்கே அந்த வரையறைக்குள் வந்துவிடும். துப்பாக்கியைத் தொடாமல் "கரடி அங்கே இருக்கு, வாங்க சார்" என்று கூட்டிப்போனவர் மீதும் உடந்தை என்று வழக்குப் போட முடியும்.

அப்போ ஆளைக் கொல்லும் கரடியை என்ன செய்வது?

சட்டத்தின் 11-வது பிரிவு இதற்குத்தான். ஒரு அட்டவணை ஒன்று விலங்கு மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்டது, அல்லது தேற முடியாத அளவுக்கு நோயுற்றுவிட்டது என்றால், மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர் காரணத்தை எழுதி உத்தரவு போடலாம். கலெக்டர் இல்லை, எம்.எல்.ஏ. இல்லை. அவரும் எடுத்த எடுப்பில் சுடச் சொல்ல முடியாது. உயிரோடு பிடிக்கவோ மயக்க ஊசி போடவோ வேறு இடத்துக்கு மாற்றவோ வழியில்லை என்று அவருக்குத் திருப்தி ஏற்பட்டால்தான் கொல்லும் உத்தரவு.

2021-ல் மசினகுடி டி23 புலி விஷயத்தில் இதை எல்லோரும் டிவியில் நேரலையாகப் பார்த்தோம். வேட்டையாடிப் பிடிக்க உத்தரவு, உடனே நீதிமன்றத்தில் வழக்கு, கொல்லக் கூடாது என்று அறிவுறுத்தல், கும்கி யானைகள், மோப்ப நாய்கள், உள்ளூர் பழங்குடி ஆட்கள் என்று மூன்று வாரம் தேடல். கடைசியில் அக்டோபர் 15-ம் தேதி உயிரோடுதான் பிடித்தார்கள்.

கரடி நேருக்கு நேர் பாய்ந்து, உயிரைக் காப்பாற்றிக்கொள்ள நல்லெண்ணத்தில் நீங்கள் அடித்து அது செத்துவிட்டால் அது குற்றமாகாது. இதையும் அதே பிரிவு சொல்கிறது. ஆனா திருட்டு வேட்டைக்குப் போன இடத்தில் கரடி பாய்ந்தது, அதனால் சுட்டேன் என்று தப்பிக்க முடியாது. இரண்டு சூழ்நிலையிலும் செத்த கரடி அரசாங்கச் சொத்து. நகத்தைக்கூட எடுத்துக்கொள்ள முடியாது.

'சுட வேண்டாம், மயக்க ஊசி போட்டுப் பிடிங்க' என்று ஸ்டூடியோவில் உட்கார்ந்து சொல்வது சுலபம். நாங்களும் பல முறை சொல்லியிருக்கிறோம். 2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் பக்கம் பைக்கில் போன ஒருவரைக் கரடி தாக்கியது. காப்பாற்றப் போன இரண்டு பேரையும் விடவில்லை. மூன்று பேருக்கும் முகத்தில் பயங்கரக் காயம். அன்றைக்கே கரடிக்கு மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் களக்காடு காட்டில் விட்டார்கள். சில நாளில் அது இறந்துகிடந்தது. 2023 ஏப்ரலில் திருவனந்தபுரம் பக்கம் வெள்ளநாட்டில் கோழியைத் துரத்தி வந்த கரடி கிணற்றில் விழுந்தது. மயக்க ஊசி போட்டதும் மயங்கி தண்ணீருக்குள் போய், மூழ்கிச் செத்தது. அந்த வீடியோவையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

நீலகிரியில் கதை வேறு மாதிரி. கோத்தகிரி, குன்னூர் பக்கம் கரடிகள் தேயிலைத் தோட்டத்துக்குள்ளேயே வாழப் பழகிவிட்டன. கோயிலில் விளக்கெண்ணெய் குடிக்கக் கதவை உடைக்கும், சத்துணவுக் கூடத்தில் பருப்பையும் எண்ணெயையும் காலி செய்யும். 'சிவபூஜையில் கரடி' என்ற பழமொழியில் வருவது விலங்கே இல்லை, கரடி என்ற ஒரு வகைப் பறை என்று தமிழ் வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். கோத்தகிரி பூசாரிகளிடம் இந்த விளக்கம் எடுபடாது.

அந்த ஊர்களில் விடியற்காலை தேயிலை பறிக்கப் போகும் பெண்ணுக்கு 'பாதுகாக்கப்பட்ட இனம்' என்ற சொல் என்ன ஆறுதல் தரும்? நியாயமான கேள்வி. இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மத்திய அரசின் திட்டங்களின் கீழ் கொடுக்கும் தொகையை 2023 கடைசியில் 10 லட்சமாக உயர்த்தினார்கள். போன கண் அதில் திரும்பாது. 'அப்படின்னா வேட்டையைத் திறந்துவிடுங்க' என்ற குரல் இங்கேதான் எழுகிறது. ஆனா காசு கட்டி வரும் வேட்டைக்காரர் தேடுவது மலை உச்சியில் இருக்கும் பெரிய ஆண் கரடியை. ரேஷன் கடைக் கதவை உடைக்கும் கரடி அவர் லிஸ்டில் வராது. அதற்குத் தேவை மூடி போட்ட குப்பைத் தொட்டி, எரியும் தெருவிளக்கு, தேயிலைக்கு நடுவில் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடிப் புதரை வெட்டுவது. இதையெல்லாம் யாரும் ரீல்ஸ் போட மாட்டார்கள்.

வழிகாட்டிகள் என்ன ஆனார்கள்?

பழைய துரைமாருக்குத் தடம் காட்டிய அதே சமூகங்களைச் சேர்ந்தவர்கள் இன்று முதுமலையிலும் மற்ற காடுகளிலும் வேட்டைத் தடுப்புக் காவலர்களாக இருக்கிறார்கள். வேலை கிட்டத்தட்ட அதேதான். கால்தடம், எச்சம், உடைந்த கிளை, தோண்டிய புற்று பார்த்து விலங்கு எங்கே என்று சொல்வது. முன்பு அது சுடுவதற்கு, இப்போது யாரும் சுடாமல் இருப்பதற்கு. கையில் பெரும்பாலும் ஒரு தடியும் டார்ச்சும்தான். பலர் பல வருஷம் தற்காலிக ஊழியர்களாகவே இருந்தவர்கள். அலாஸ்கா வழிகாட்டி ஒரு சீசனில் சம்பாதிப்பதை இவர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

வீட்டில் பழைய கரடித் தோல் இருந்தால்?

தாத்தா காலத்துத் தோல், தலை, நகம் போட்ட செயின் எதுவானாலும் உரிமைச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பது சிக்கல். கணக்குக் காட்டாமல் இருந்தவர்களுக்கு 2003-ல் 180 நாள் அவகாசம் கொடுத்தார்கள். அது முடிந்து ரொம்ப நாள் ஆச்சு. சான்றிதழ் இருந்தாலும் விற்கக் கூடாது, வாரிசுக்குப் போகலாம். 'கரடி நகம், ஒரிஜினல்' என்று ஆன்லைனில் யாராவது விற்றால் வாங்காதீங்க. ஒரிஜினலாக இருந்தால் குற்றம். டூப்ளிகேட்டாக இருந்தால் ஏமாற்று.

வெளிநாட்டில் போய் சட்டப்படி சுட்டுவிட்டுத் தோலை இங்கே கொண்டு வரலாமா என்று கேட்டால், அமெரிக்கக் கருங்கரடியும் 'சைட்ஸ்' சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது. உரிய அனுமதி இல்லாமல் விமான நிலையத்தில் சுங்கத்துறையைத் தாண்டாது. அது அழிந்துகொண்டிருக்கும் இனம் இல்லைதான். மற்ற கரடிகளின் பித்தப்பையையும் பாகங்களையும் அதன் பெயரில் கடத்திவிடக் கூடாது என்பதற்காகப் பட்டியலில் சேர்த்தார்கள்.

திருவள்ளூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம்

கரடி என்றால் ஊட்டி என்று நினைக்கிறோம். நமக்குப் பக்கத்தில் கரடி இருக்கும் மலை சேஷாசலம். இங்கிருந்து ரயிலில் சுமார் 100 கி.மீ.தான். 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் ஆறு வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது நினைவிருக்கும். முதலில் கரடியாக இருக்குமோ என்றும் சந்தேகித்தார்கள். அந்தப் பாதைப் பக்கம் கரடி நடமாட்டம் கேமராவில் பதிவானது. பக்தர்கள் கையில் தேவஸ்தானம் தடி கொடுத்தது அப்போதுதான்.

புரட்டாசியில் நடந்து மலை ஏறுபவர்கள் கூட்டமாகப் போங்க, பேசிக்கொண்டே போங்க. குரல் கேட்டால் கரடி பெரும்பாலும் தானாகவே விலகிவிடும். இருட்டிலும் விடியலிலும் தனியாகப் போக வேண்டாம். தின்பண்ட மிச்சத்தைப் பாதையோரம் போட வேண்டாம். தூரத்தில் பார்த்துவிட்டால் ஓடாதீங்க, மெதுவாகப் பின்வாங்குங்க. செல்ஃபி வேண்டவே வேண்டாம். மேலே பாய்ந்துவிட்டால் குப்புறப் படுத்து, இரண்டு கையையும் பின்னங்கழுத்தில் கோத்து, முகத்தைத் தரையோடு மறைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் நிபுணர்கள் சொல்வது.

இதை அந்த ஒடிசாக்காரரிடம் சொன்னேன். "மாமா ஓடினார் அண்ணா" என்றார். இருப்பைப் பூ சீசனுக்கு அவரும் ஊருக்குப் போகிறாராம். குப்புறப் படுப்பது எப்படி என்று இன்னொரு தரம் கேட்டுவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினார்.